கனியின் முதல் ஓட்டு

16 ஆகஸ்ட் 2004, திங்கள்

சுதந்திர தினம் நேற்று ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைத்தது. எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடி, ஒன்பதுக்கு வேதக்கோயிலில் ஆராதனை. மிட்டாய் கொடுத்துவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தால் முதல் பாட்டு முடிந்திருந்தது. சமூக அறிவியல் டீச்சர் என்றால் இந்த நாட்களில் பேச்சு நம் தலையில்தான் விழும். மக்களாட்சி, சம உரிமை, ரகசிய வாக்கெடுப்பு என்று வருஷா வருஷம் அதே பேச்சு. பிள்ளைகளின் கண் மட்டும் மிட்டாய் டப்பா மேலேயே இருக்கும்.

சாயங்காலம் கனியின் போன். காது கிழியக் கத்தினாள். "அக்கா, நான் அமெரிக்காக்காரி ஆயிட்டேன்! கையத் தூக்கி உறுதிமொழி எடுத்தாச்சு. நவம்பர்ல ஓட்டு!"

கனிமொழி என் தங்கை. டெக்சாஸில் நர்ஸ், குறைமாதக் குழந்தைகள் வார்டில். அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது, எனக்குப் பதினேழு. அவளுக்குப் பேன் பார்த்ததும் நான்தான், நர்சிங்கில் சேர்த்ததும் நான்தான். எத்தனை வருஷமாகவோ ஞாயிறு சாயங்காலம் ஆனால் போன் வந்துவிடும். அங்கே அப்போது காலை, டியூட்டி முடித்துக் கோயிலுக்குக் கிளம்புகிற நேரம். என்னிடம் அவள் எதையும் மறைத்தது கிடையாது. அவள் எடை கூட எனக்குத் தெரியும்.

யாருக்குடி போடப் போற என்று சும்மாதான் கேட்டேன். "எங்க பாஸ்டர் சொல்லிட்டாருக்கா. பேர் சொல்லக் கூடாதாம், சட்டமாம். ஆனா சொல்லாம சொல்லிட்டாரு" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன்?

22 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று கோயிலில் ஜெயச்சந்திரன் ஆயர் பெரிய அறிவிப்பு செய்தார். கனி போகிற அமெரிக்கச் சபை நமக்கு ஒரு மண்டபமும் சமையல் கூடமும் கட்டித் தரப் போகிறதாம். எல்லாம் நம்ம கனிமொழி எடுத்த முயற்சி என்றார். மொத்தக் கோயிலும் திரும்பி என்னைப் பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, பொய் சொல்வானேன். அறுப்பின் பண்டிகைக்கு மழையில் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு சோறாக்கினவர்கள் நாங்கள்.

அதே மூச்சில் இன்னொன்றையும் படித்தார். அமெரிக்கத் தேர்தலுக்கு முந்தின ஞாயிறு நம் சபை உபவாசம் இருக்க வேண்டும். தேவனுக்குப் பயந்த ஜனாதிபதி மறுபடியும் ஜெயிக்கவும், ஈராக்கில் நடக்கிற யுத்தத்தில் அவர் கை ஓங்கவும் ஜெபிக்க வேண்டும். அன்றைக்கு இரண்டு சபையும் போன் வழியாக ஒன்றாகச் சேரும். "சபையார் ஏகமனதா ஏத்துக்கிறோமா?"

நம் கோயிலில் ஓட்டு என்ற ஒன்றை நான் பார்த்ததே இல்லை. கமிட்டி போடுவதா, சுண்ணாம்பு அடிப்பதா, மரம் வெட்டுவதா, எதுவானாலும் ஆயர் படிப்பார், சபை "ஆமென்" என்னும். அவ்வளவுதான். அதற்குப் பேர் ஏகமனது.

சபை ஆமென் என்றது. நானும் சொன்னேன். வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் உறைத்தது. எதுக்குடி இப்ப ஆமென் சொன்ன?

24 ஆகஸ்ட், செவ்வாய்

ஆயர் வீட்டுக்குப் போய், எனக்கு அந்த ஜெபத்தில் சம்மதம் இல்லை என்றேன். "நீங்களும் ஆமென் சொன்னீங்களே டீச்சர்" என்றார். சிரித்துக்கொண்டே காபியும் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

5 செப்டம்பர், ஞாயிறு

போனில் கனியோடு சண்டை, கோபம் இன்னும் போகவில்லை. எழுதினால் அடங்குமா என்று பார்க்கிறேன்.

கனியிடம் கேட்டேன் — உன் ஓட்டு உன் இஷ்டம், எங்கள் கோயிலை எதற்கு இழுக்கிறாய்? அவள் முதலில் கோபப்படவில்லை. "அக்கா, போன வாரம் ஒரு கொழந்த வந்துச்சு. என் உள்ளங்கையில அடங்கும். விடிய விடிய நின்னு காப்பாத்தினோம். அதே மாதிரி ஒண்ண வயித்துலயே கலைக்கலாம்னு இங்க சட்டம் இருக்குது. அது தப்புன்னு சொல்ற ஆளுக்குப் போடாம நான் வேற யாருக்குப் போடுவேன்?" என்றாள்.

அவள் கையில் அந்தக் குழந்தை இருந்தது, என் கையில் பாடப் புத்தகம்தான் இருக்கிறது. அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடினேனா?

"சரி, அதுக்குப் போடு. சண்டைக்கு எதுக்குடி எங்க ஊர்ல ஜெபம்? ரெண்டு வருஷம் முன்னாடி இங்க மதமாற்றத் தடைச் சட்டம் வந்தப்போ போன்ல அழுதியே. ஒருத்தன் ஞானஸ்நானம் வாங்குனா கலெக்டருக்குச் சொல்லணும்னாங்களே. கவர்மென்டுக்கும் சாமிக்கும் இன்னா சம்பந்தம்னு அப்ப நீதான கேட்ட?"

"அது வேற, இது வேற. நாம சத்தியத்துல இருக்கோம்."

"அவங்களும் அதையேதான்டி சொன்னாங்க."

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். "அங்க போயி நெறைய பேரா இருக்கிற கூட்டத்துல சேந்துட்ட இல்ல, அந்தத் திமிரு" என்று சொல்லிவிட்டேன். என் வாய் இருக்கிறதே, இதற்குப் பூட்டுப் போட ஆளில்லை.

"நீ ஜெபம் பண்றதே இல்லயாட்டம் இருக்குக்கா" என்றாள். வைத்துவிட்டாள்.

12 செப்டம்பர், ஞாயிறு

போன் வரவில்லை.

19 செப்டம்பர், ஞாயிறு

வரவில்லை. மணி அடித்ததென்று இரண்டு தடவை ஓடினேன். பக்கத்து வீட்டு டிவி. நீயே போன் பண்ணலாமே என்கிறார் என் வீட்டுக்காரர். களம்பூர் ரைஸ்மில்லில் சூப்பர்வைசர், அருள்ராஜ் என்று பேர், வீட்டில் வாயைத் திறப்பது அபூர்வம். திறந்தால் இப்படி நியாயம் பேசுவார். நான் ஏன் பண்ண வேண்டும்? என் மேல் தப்பா? பாதித் தப்பு என் மேல்தான். ஆனாலும் பண்ண மாட்டேன்.

அவள் இல்லாமல் எனக்கு யார் இருக்கிறார்கள்? பிள்ளை இல்லை. இவர் இருக்கிறார், சரி. ஆனால் ஏழு வயதில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கினவள் அவள். ஒரு வெள்ளைக்கார ஜனாதிபதிக்காக அவளை விட்டுவிடுவதா? இல்லை, அவளுக்காக வாயை மூடிக்கொண்டு அந்தச் சண்டைக்கு ஆமென் சொல்வதா? இரண்டும் என்னால் ஆகாது. பைத்தியம் பிடிக்கிறது.

22 செப்டம்பர், புதன்

ஸ்டாஃப் ரூமில் ஷம்ஷாத் டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கணக்கு டீச்சர். அந்த மதமாற்றத் தடைச் சட்டம் வந்த வருஷம் பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தபோது, உங்களுக்குப் போட்ட சட்டம் நாளைக்கு எங்களுக்கும்தான் என்று வந்து என்னோடு நாள் முழுக்க உட்கார்ந்தவள். இந்த மே மாதத் தேர்தலுக்குப் பிறகு சட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக அறிவித்தபோது முதலில் கேசரி கொண்டு வந்ததும் அவள்தான்.

"சுகிர்தம் டீச்சர், ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே? உங்க கோயில்ல அந்தச் சண்டைக்கு ஜெபம் வச்சிருக்காங்களாமே. நெசமா?"

நிஜம் என்றேன். அவள் எழுந்து நோட்டு திருத்தப் போய்விட்டாள். அவள் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

26 செப்டம்பர், ஞாயிறு

இன்று கோயிலில் எழுந்து நின்றுவிட்டேன். பெண்கள் பக்கத்திலிருந்து யாரும் நிற்கிற வழக்கம் இல்லை. 

"ஐயா, அந்த ஜெபத்த ஓட்டுக்கு விடுங்க" என்றேன்.

செயலாளர் சின்னதுரை அண்ணன் குதித்து எழுந்தார். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர், குரல் அங்கே பழகியது. "கோயில்ல ஓட்டா? ஓட்டு வந்தா கட்சி வரும், கட்சி வந்தா கோர்ட்டு வரும். மத்த ஊருங்கள்ல பாத்துகினுதான இருக்கோம்? எதுக்கும்மா இந்த பேஜாரு?"

அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. கோயில் தேர்தலில் மண்டை உடைந்த ஊர்கள் உண்டு.

"ஆவியானவர் ஏகமனசுலதான் பேசுவாரு டீச்சர்" என்றார் ஆயர், பொறுமையாக.

"மனச யாருங்கய்யா பாத்தா? வாயத்தான பாத்தீங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். பின்னாலிருந்து பாஞ்சாலை அக்கா குரல் கொடுத்தாள். கழனி வேலை செய்கிறவள். "போடட்டுமேய்யா! எலெக்சனுக்கு எம்மாந்தூரம் நடந்து போயி குத்திட்டு வரேன். குந்துன எடத்துல குத்தறதுக்கு இன்னா வந்துச்சி?"

ஆயர் நல்ல மனிதர். கோபப்படாமல் யோசித்தார். இரண்டு வாரம் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்றார். வீட்டுக்கு வந்து இவரிடம், நான் செய்தது சரியா என்று கேட்டேன். "மண்டபம் போச்சுன்னா ஊரே உன்னத்தான் சொல்லும்" என்றார். அதை நான் கேட்கவில்லை.

3 அக்டோபர், ஞாயிறு

இன்றும் போன் இல்லை. ஆயர் கனிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். "அக்கா எப்பவும் அப்படித்தான்" என்று மட்டும் சொன்னாளாம். எப்படித்தான்?

10 அக்டோபர், ஞாயிறு

தோற்றுவிட்டேன். ஆனால் இன்று நடந்ததை விடாமல் எழுதி வைக்க வேண்டும்.

எழுதத் தெரியாதவர்கள் நிறைய பேர், சீட்டு வேண்டாம் என்று ஆயரே சொன்னார். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, ஒரு மொச்சைக்கொட்டை. ஜெபம் வேண்டும் என்றால் புளியங்கொட்டை, வேண்டாம் என்றால் மொச்சை. பெட்டிக்கு எங்கே போவது? காணிக்கைப் பையையே எடுத்து வந்தார்கள். அந்தச் சிவப்பு வெல்வெட் பையில் கை மணிக்கட்டு வரை உள்ளே போகும், எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தானே அந்தப் பை! இத்தனை வருஷம் எங்கள் கையில் ஓட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டே ஆமென் சொல்லியிருக்கிறோம்.

கோயில் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. ஒவ்வொருவரும் கையை உள்ளே விட்டு, கொஞ்சம் நிறுத்தி, பிறகு எடுத்தார்கள். பாஞ்சாலை அக்கா கண்ணை மூடிக்கொண்டு போட்டாள்.

சின்னதுரை அண்ணன் எண்ணினார். புளியங்கொட்டை அறுபத்து மூன்று, மொச்சை நாற்பத்தொன்று.

நாற்பத்தொரு பேர்! என்னைச் சேர்த்துத்தான். என்னைத் தவிர ஒருத்தர் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லையே, இவர்களெல்லாம் எங்கே இருந்தார்கள்? வெளியே வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாரும் யாரையும் பார்க்கவில்லை, எல்லோரும் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்கள்.

அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இவர் டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தார்.

18 அக்டோபர், திங்கள்

ஆயர் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். முப்பத்தொன்றாம் தேதி போனில் ஜெபம் செய்ய வேண்டியது நானாம். அங்கிருந்து கேட்டார்களாம், கனியின் அக்கா ஜெபிக்க வேண்டும் என்று. இங்கே தமிழில் நான் சொல்லச் சொல்ல, அங்கே கனி மைக்கில் இங்கிலீஷில் சொல்வாளாம்.

"நான் வேணாம்னு போட்டவ ஐயா."

"தெரியும். ஓட்டு வேணும்னு கேட்டதும் நீங்கதான். இப்ப முடிவு வந்தாச்சி. மாட்டேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

மாட்டிக்கொண்டேன். தோற்றவர் முடிவை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பத்தாம் வகுப்புக்கு நான்தான் போர்டில் எழுதிப் போடுகிறேன். வருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

ஷம்ஷாத் நோன்பு. ஸ்டாஃப் ரூமில் அவள் முன்னால் காபி குடிக்கப் பிடிக்காமல் வெளியே வந்து குடித்தேன். ஜெபத்தைப் பற்றி அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

27 அக்டோபர், புதன்

என்ன சொல்வது? எழுதி எழுதிக் கிழிக்கிறேன். அந்த ஜனாதிபதி தோற்க வேண்டும் என்று ஜெபிக்கவும் எனக்குப் பிடிக்கவில்லை. அது மட்டும் யோக்கியமா? என் கட்சிக்காரராக ஆண்டவரை ஆக்குவதும் அதே வேலைதானே. கனி என்ன நினைப்பாள், கனி என்ன நினைப்பாள் என்றுதான் மண்டைக்குள் ஓடுகிறது. ஆண்டவர் என்ன நினைப்பார் என்று ஒரு தரமாவது ஓடுகிறதா? இல்லை.

31 அக்டோபர், ஞாயிறு

வந்ததும் எழுதுகிறேன். மறந்துவிடக் கூடாது.

ஏழரைக்குப் போன் என்றார்கள். நாளெல்லாம் பட்டினி, பிள்ளைகள் மட்டும் பன் தின்றார்கள். போன் கடைக்காரர் கோயிலுக்குள் ஒயர் இழுத்து ஸ்பீக்கர் கட்டியிருந்தார். எட்டாயிற்று, மணி அடிக்கவில்லை. ஆயர் பாட்டுப் பாட வைத்தார். எட்டே காலுக்குச் சின்னதுரை அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் மண்டபம், சமையல் கூடம் எல்லாம் இடிந்து விழுந்தது. கடைசியில் எட்டரைக்கு மணி அடித்தது. அங்கே இன்றைக்குத்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்களாம்! நம்மிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"அக்கா?" என்றாள். எட்டு வாரம் கழித்து அவள் குரல், ஸ்பீக்கரில், ஊருக்கே கேட்கும்படி. 

"ஜெபிப்போம்" என்றேன். நான் யோசித்து வைத்தது ஒன்றும் வரவில்லை. வந்ததைச் சொன்னேன்.

"ஆண்டவரே, இந்த ஊரில் நாங்கள் கொஞ்சம் பேர். நிறைய பேராக இருக்கிறவர்கள் தங்கள் சாமி பேரில் எங்களுக்குச் சட்டம் போட்டபோது நாங்கள் பயந்தோம்."

கனி இங்கிலீஷில் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள்.

"அந்தத் தேசத்தில் உம்முடைய பேரைக் கேட்டு ஒருத்தரும் அப்படிப் பயப்படாதபடி பார்த்துக்கொள்ளும்."

சொன்னாள். கொஞ்சம் மெதுவாக.

"யார் ஜெயித்தாலும் அவர்கள் உமக்குப் பயப்படட்டும். யுத்தத்தில் சாகிற பிள்ளைகள் இரண்டு பக்கமும் உம்முடைய பிள்ளைகள். அந்தத் தாய்மாரை நினைத்தருளும்."

ஆயர் கண்ணைத் திறந்துவிட்டார். எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் நானும் திறந்துதான் வைத்திருந்தேன். கனி அதையும் சொன்னாள்.

"செவ்வாய்க்கிழமை முதல் தரம் ஓட்டுப் போடுகிற என் தங்கச்சிக்காக வருகிறேன். சின்ன வயசிலிருந்து அவள் கையை யாராவது பிடித்துக்கொண்டேதான் இருக்கிறோம். நானும் பிடித்தேன். அன்றைக்கு ஒரு நாள் நீர்கூட அவள் கையைப் பிடிக்காதேயும் ஆண்டவரே. விட்டுவிடும். அவளே போடட்டும்."

ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. கரகரவென்ற இரைச்சல் மட்டும். கையைப் பிடித்து நடத்தும் என்று கேட்டுத்தான் நம் ஜனத்துக்குப் பழக்கம். பிடிக்காதே என்று எந்தப் பைத்தியக்காரி கேட்பாள்! லைன் அறுந்துவிட்டது என்று போன் கடைக்காரர் எழுந்தே விட்டார்.

பிறகு அவள் சொன்னாள். ஒரு வார்த்தை விடவில்லை. என் தங்கச்சி என்ற இடத்தில் மட்டும் "நான்" என்று சொன்னாள். என் கையைப் பிடிக்காதேயும், நானே போடுகிறேன் என்று. எங்கள் கோயிலில் அது எனக்கு மட்டும்தான் புரிந்திருக்கும்.

அவள் முடித்ததும் அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கான வெள்ளைக்காரர்கள் ஒரே குரலில் "ஆமென்!" என்றார்கள். எதற்குச் சொன்னோம் என்று செருப்பு மாட்டும்போது யோசித்திருப்பார்களோ என்னவோ. சின்னதுரை அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "அவங்களே ஆமென் சொல்ட்டாங்கப்பா! மண்டபம் கேரண்டி" என்று ஆயர் காதில் சொன்னார், மைக் பக்கத்திலேயே.

போகும்போது ஆயர், "கஞ்சி இருக்குது, குடிச்சிட்டுப் போங்க டீச்சர்" என்றார்.

4 நவம்பர், வியாழன்

கனியின் பாஸ்டர் பேர் சொல்லாமல் சொன்னவரே ஜெயித்துவிட்டார். தீபாவளி நெருங்குகிறது, பக்கத்து வீட்டில் பகலெல்லாம் தறிச் சத்தம் காதைத் துளைக்கிறது. தறிக்கார பரசுராமன் அண்ணன் பேப்பரோடு வாசலுக்கு வந்தார். "இன்னா டீச்சர், உங்க ஆளு ஜெயிச்சுட்டாராமே! ஸ்வீட் எங்க?"

"என் ஆளு களம்பூர் ரைஸ்மில்லுல மூட்டை எண்ணிகினு இருக்காருண்ணே" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குத்தான் எரிந்தது. இந்த ஊரில் பிறந்து, இந்தத் தண்ணி குடித்து, என் ஆள் யார் என்று நான் இன்னும் எத்தனை பேரிடம் சொல்ல வேண்டுமோ.

ஷம்ஷாத்திடம் அன்றைய ஜெபத்தை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நோன்புக் கஞ்சி கொண்டாரேன், சாயங்காலம் வீட்டுல இருங்க" என்றாள். கொண்டு வந்தாள்.

7 நவம்பர், ஞாயிறு

போன் வந்தது. முதல் மணியிலேயே எடுத்தேன், வெட்கமே இல்லாமல்.

எதைப் பற்றியெல்லாமோ பேசினாள். அந்த உள்ளங்கைக் குழந்தை பால் குடிக்க ஆரம்பித்துவிட்டதாம். குளிர் வந்துவிட்டதாம். மீன் குழம்புக்கு அங்கே புளி சரியில்லையாம். திமிரு என்று சொன்னதற்கு மன்னித்துக்கொள் என்றேன். "நான் போன வச்சது மட்டும் சரியா" என்றாள். இரண்டு பேரும் மூக்கைச் சிந்தினோம்.

பிறகு தானாகவே ஆரம்பித்தாள். "அக்கா, ஓட்டுப் போடற எடத்துல போயி நின்னேன் பாரு, பக்கத்துல யாருமே இல்ல. பாஸ்டர் இல்ல, நீ இல்ல. கையில காயிதம். எவ்ளோ நேரம் நின்னேன்னு தெரில. பின்னாடி ஆளுங்க நின்னுகினு இருக்காங்க. பயமா இருந்துச்சிக்கா. எப்பவும் ஜெபம் பண்ணா யாரோ இருக்காப்புல இருக்கும். அன்னிக்கு அதுவும் இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் போட்டேன்."

"யாருக்குடி?"

"அத மட்டும் கேக்காதக்கா" என்றாள். கோபமாக இல்லை, அன்பாகத்தான் சொன்னாள். கோயிலுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்தாள்.

அப்போதிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படிக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். அந்தக் குழந்தையை நினைத்தால் ஜெயித்தவருக்குத்தான் போட்டிருப்பாள். அவ்வளவு நேரம் நின்றாளே, அப்படியென்றால் வேறு ஆளுக்கா? ஒருவேளை… இல்லை, எனக்கு வேண்டாம். ஜெபத்தில் கேட்டது கேட்டபடியே நடந்துவிட்டது. கேட்டவள் நான்தான்.

இவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "கனி யாருக்குப் போட்டுதாம்?"

தெரியாது என்றேன்.

"உனக்கே சொல்லலியா?"

எனக்கே சொல்லவில்லை.